கரடி சாரின் கெழவி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், கரடிச் சாணியைக் கையில் எடுத்து, மோந்து பார்த்து, "ஆகா, நாவப்பழம்!" என்று கண்ணை மூடி ரசிக்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அந்த ஒருவர் என் வீட்டு மொட்டை மாடியில்தான் குடியிருந்தார். என் தலையெழுத்து அப்படி.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டமும் இருந்தது. மரக்காணத்தில் யாரும் இரண்டையும் சீந்தவில்லை. கரடி சார் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். பட்டத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்ட ஒரு பெரியவர் மட்டும், நொண்டுகிற காளையை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"ஐயா, நான் அந்த டாக்டர் இல்லைங்க. கரடி இன்னா துன்னுதுன்னு பாக்குற டாக்டரு" என்றார் சார்.

பெரியவர் காளையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "சரி, இது இன்னா துன்னா நொண்டாதுன்னாவது சொல்லுங்க" என்றார். சார் அசரவில்லை. காளை முந்தின நாள் சாப்பிட்டதை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அனுப்பினார்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கூரியர் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே ஒற்றை அறை. சாரை முதலில் பார்த்தது கடையில்தான். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்து மூலையில் கிடந்தது. கருவாட்டு வாடைக்கெல்லாம் நாங்கள் மூக்கைப் பொத்துகிற ஆட்கள் இல்லை. இது வேறு வாடை. புளித்த பழமும் ஈர மண்ணும் ஏதோ மிருகமும் சேர்ந்த வாடை. பெட்டியை வாங்க, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தபடி, நெட்டையாக ஒருவர் வந்தார். வந்தவர் கையெழுத்துகூடப் போடாமல் என் மேஜை மேலேயே பெட்டியைப் பிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது?"

"பயப்படாதம்மா. சாணிதான்."

"யாரோடது?"

"கரடியோடது."

"இத ஒருத்தர் பேக் பண்ணி வேற அனுப்புறாரா?"

"காட்டு வாட்சருக்குப் பொழப்பே அதாம்மா. இது பொக்கிஷம்" என்றார். முகத்தில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சார் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்காரர்தான். படித்து முடித்ததும் காட்டுக்குள் போனவர், வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்: கரடி என்ன சாப்பிடுகிறது? எந்த மாதம் எந்தப் பழம், பழம் இல்லாத மாதம் எத்தனை கறையான் புற்று, குட்டி போட்ட கரடிக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது. கல்யாணம்கூட இந்தக் கேள்விக்கு நடுவில் மறந்துபோனதாகச் சொல்வார். கடைசியில் ஒரு பாறையில் சறுக்கி விழுந்து முட்டி போனது. இனிமேல் மலை ஏறினால் நடையே போய்விடும் என்று டாக்டர், அதாவது மனுஷ டாக்டர், தடுத்துவிட்டார். மலையிலிருந்து வாட்சர் சாணியை அனுப்ப, சார் கீழே உட்கார்ந்து ஆராய்வது என்று ஏற்பாடு.

மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்தபோது, அதற்கு ஏன் மரக்காணம் என்று கேட்டேன்.

"உப்பு காயுற ஊரும்மா இது. இங்க காயாதது வேற எங்க காயும்?"

அவர் வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் வெயில், அப்புறம்தான் தண்ணீர். சாணி உருண்டையை உடைக்காமல் அப்படியே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு உடைத்தால் எல்லாம் கூழாகி, எது எங்கிருந்தது என்றே தெரியாமல் போய்விடுமாம். நன்றாகக் காய்ந்த பிறகு வாளியில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, தங்கியதை வெள்ளைத் தட்டில் பரப்பி இடுக்கியால் பிரிப்பார். எறும்புத் தலை ஒரு பக்கம், வண்டின் ஓடு ஒரு பக்கம், கொன்றை விதை, அத்தி விதை, தேன்மெழுகு. ஈரத்தில் யாராவது அவசரப்பட்டு விரலை வைத்தால் கையைத் தட்டிவிடுவார். என் வீட்டுக்காரர் ஒருநாள் குச்சியால் குத்திப் பார்த்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்காக என் வீட்டுக்காரரும் சும்மா விடவில்லை. "இந்த ஆளு கரடியப் பாத்ததே கெடையாது. சும்மா கரடி விடுறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மனுஷர்களைப் பார்த்தால் சார் சவுக்கியமா என்று கேட்கமாட்டார். "நேத்து இன்னா சாப்டீங்க?" என்பார். பதில் சொன்னால் போதாது, கூட என்ன தொட்டுக்கொண்டோம் என்பதும் வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனது என் தப்பு. பந்தி முடிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு எச்சில் இலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். இலை எடுக்கிறவர் ஓடிவந்து, "விடுங்க சார், அது என் வேலை" என்று பதறினார். சார் என்னிடம் திரும்பி, "பொண்ணு வூட்டுக்காரங்க யாருமே ஸ்வீட்ட தொடலம்மா. ஏதோ மனக்கஷ்டம்" என்றார். விசாரித்தால் நிஜமாகவே சண்டை நடந்திருந்தது. அன்றைக்கு அவரை இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாடியில் காயவைத்ததில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். வடாம் காயவைக்கிற வீடுகளின் நடுவில் கரடிச் சாணி எப்படிக் காயும்? அப்போதுதான் தனம் வந்தாள். உப்பளத்தில் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி அவள். குரலெடுத்தால் லாரி ஹார்ன் அடங்கிவிடும். "எங்க வரப்புல காயவைங்க சார். உப்புக்கு வாடை தெரியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பாத்திகளுக்கும் உப்பு அம்பாரத்துக்கும் எட்டத்தில், ஒரு காய்ந்த மேட்டில் பாய் விரித்துக் கொடுத்தாள். அதிலிருந்து சாரின் ஆபீஸ் உப்பளத்து மேடு. தலையில் துண்டு, கீழே கவிழ்த்த வாளி, கையில் இடுக்கி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கரடி கறையானை எப்படி உறிஞ்சும் என்று கேட்பார்கள். சார் உதட்டைக் குவித்து, "ஃபுர்ர்... ஃபுர்ர்..." என்று மண்ணை ஊதி, உறிஞ்சிக் காட்டுவார். அந்தச் சத்தத்துக்கு ஈ.சி.ஆரில் பைக்கில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பிறகு சிரிப்பு அடங்கி, "கெழவி கதைய சொல்லுங்க சார்" என்பாள். எல்லோரும் தூக்குச்சட்டியை மூடிவிட்டுக் கேட்பார்கள்.

கெழவி ஒரு கரடி. சார் காட்டுக்குப் போன புதிதில், ஓடைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அது. அப்போது அது கெழவி இல்லை, முதுகில் குட்டியோடு நின்ற இளந்தாய். ஓடினால் துரத்தும் என்று தெரியும், அதனால் சார் ஓடவில்லை. ஓடாததற்கு இன்னொரு காரணம், கால் வரவில்லை. அது இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவன் தேறமாட்டான் என்று முடிவு செய்து, திரும்பிப் புற்றைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. "என்னை மனுஷனா மதிச்சு சும்மா வுட்டது ஒலகத்துல அவ ஒருத்திதாம்மா" என்பார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அது தின்றதையும், அது போட்டதையும் பார்த்துக்கொண்டே காலம் போனது.

அது மூப்பாகிப் பல் போனது. மற்ற கரடிகளின் சாணியில் இலந்தைப்பழம் கொட்டையும் தோலுமாகப் பிரிந்து வரும். கெழவிக்குக் கடிக்க முடியாது, அப்படியே முழுங்கும். பழம் தோல் பிரியாமல் முழுசாக வெளியே வரும். ஒவ்வொரு பெட்டியிலும் சார் தேடியது அந்த முழுப் பழத்தைத்தான். முழுசாக இருந்தால் கெழவி இருக்கிறாள். தட்டில் அது தெரிந்த அன்றைக்கு சார் எங்கள் எல்லோருக்கும் டீ சொல்லுவார். இல்லாத அன்றைக்கு மேற்கே பெருமுக்கல் மலை தெரிகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மலையில் கரடி கிடையாது. அதற்கும் பின்னால் எங்கோ இருக்கிற மலையைத்தான் அவர் பார்த்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அப்போது தனம்கூடக் குரலெடுக்கமாட்டாள்.

போகப் போக மொத்த உப்பளமும் ஒரு கரடியின் வயிற்றுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. பெட்டி வந்த சேதி தெரிந்தால் உப்பு வாருகிற பெண்கள் என் கடைக்கு போன் போட்டு, "அக்கா, கெழவி வந்துச்சா?" என்பார்கள். கடையில் நிற்கிற புது ஆட்கள் என் மாமியாரைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்தது. மழைத் தண்ணீர் வடிந்து, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குகிற வேலை தொடங்கியது. முதல் பெட்டி வந்தது. எல்லாம் கொட்டையும் தோலும். அடுத்ததும் அப்படியே. சார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். வாட்சரிடம் போனில் கெஞ்சினார். கெழவி திரிகிற சரிவில் நாள்கணக்கில் அலைந்து, கடைசியாக ஒரே ஒரு உருண்டை கிடைத்தது என்று வாட்சர் அனுப்பினார். அதோடு அவரையும் வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் அந்தச் சரிவிலிருந்து பெட்டி வராது. கெழவி உயிரோடு இருக்கிறாளா, போய்ச் சேர்ந்துவிட்டாளா என்பதற்கு அந்த ஒரு உருண்டைதான் பதில்.

"இப்பவே ஒடச்சிப் பாத்துடுங்க சார்" என்றேன்.

"மொதல்ல வெயிலு, அப்புறந்தான் தண்ணி" என்றார். கை தானாக இடுக்கியைத் தேடியது. சட்டத்தை மட்டும் விடவில்லை.

பாயில் அந்த ஒற்றை உருண்டை, அதற்கு நேர் எதிரே சார். ஒருநாள் முழுக்க நகரவில்லை. மறுநாள் காலையில் காக்கைத் தொல்லை அதிகமாக இருந்தது. மயங்கி விழுகிற மாதிரி இருந்த மனுஷனைப் பார்க்கப் பொறுக்காமல் தனம், "நீங்க போயி ரெண்டு இட்லி சாப்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று விரட்டினாள். போனவர் திரும்பி வருவதற்குள் பாத்தியில் மடை உடைத்துக்கொண்டதாகக் கூப்பாடு. தனம் ஓட வேண்டும். காக்கையை யார் விரட்டுவது? அவள் மூளை வேலை செய்தது. கழுத்தில் மணி கட்டிய அவளுடைய ஆட்டைக் கொண்டுவந்து பாய்க்குப் பக்கத்தில் முளையடித்துக் கட்டினாள். மணி ஆடினால் காக்கை அண்டாது என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஒரு காக்கைகூட வரவில்லை. நான் சாரோடு மேட்டுக்குப் போனபோது ஆடு வாயை அசைத்துக்கொண்டிருந்தது. பாய் சுத்தமாக இருந்தது. இலந்தைப்பழம் என்றால் ஆட்டுக்கு உயிர் என்பது தனத்துக்குத் தெரியாதது இல்லை. சாணிக்குள் இருப்பது இலந்தைப்பழம் என்பதுதான் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தனம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வயித்தக் கிழிச்சிப் பாத்துடலாம் சார், எனக்கு ஆடே வேணாம்" என்றாள்.

"சேச்சே, அது இன்னா பண்ணும்? நல்ல சாப்பாடு, சாப்டுச்சு" என்றார் சார். பிறகு வாளியைக் கவிழ்த்து ஆட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். ஆடு இலந்தைக் கொட்டையை மெல்லாது, அசைபோடும்போது ஒவ்வொன்றாகத் துப்பும். துப்பத் துப்ப, சார் குனிந்து பொறுக்கினார். ஆடு எழுந்து நடந்தால் இவரும் காலை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். சாயங்காலம் வரைக்கும் கரடி படித்த ஒரு மேதை ஒரு வெள்ளாட்டுக்குப் பின்னால் உப்பளம் முழுக்கச் சுற்றிய காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கை நிறையக் கொட்டை சேர்ந்தது. எல்லாம் வழுவழுவென்று மொட்டைக் கொட்டை. "தோலை உரிச்சது கரடியா ஆடான்னு இனிமே சாமி வந்து சொன்னாத்தான் உண்டும்மா" என்றார் சார். கொட்டைகளை வரப்போரமாக மண்ணில் போட்டுவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. நான் வாளைமீன் குழம்பு வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு அவர் முன்னாலேயே நின்று சாப்பிட்டேன். அப்போதும் கேட்கவில்லை. ஒரு காலையில் பையோடு மாடியிலிருந்து இறங்கினார்.

"எங்க சார்?"

"மலைக்கு."

"இந்தக் காலை வச்சிக்கினா? டாக்டர் இன்னா சொன்னாரு? விழுந்துட்டா யாரு தூக்குறது அங்க? ஒரு கரடிக்காக இப்பிடியா?" வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன். என் வீட்டுக்காரர் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

சார் கோபப்படவில்லை. "அவ இருக்காளா இல்லையான்னு தெரியாம என்னால சாப்புட முடியலம்மா" என்றார். என் வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்து வழி விட்டார். பையையும் வாங்கிக்கொண்டார். திண்டிவனம் பஸ்ஸில் சன்னலோர இடம் பிடித்துக் கொடுத்ததும் அவரே. தனம் ஓடிவந்து சன்னல் வழியாக ஒரு பொட்டலம் கருவாட்டை நீட்டினாள்.

"கெழவிக்கா?" என்றார் சார்.

"உங்களுக்கு சார்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சேதியே இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. கடையில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஒருநாள் மத்தியானம், கடை நிறைய ஆள் நிற்கும்போது சாரின் நம்பர் வந்தது. எடுத்தேன். பேச்சு இல்லை. "ஃபுர்ர்... ஃபுர்ர்..." என்ற சத்தம் மட்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "சார்! இத்தினி நாளா சேதி இல்ல, இப்ப வெளையாட்டா? கஸ்டமர் நிக்கிறாங்க சார்!"

சத்தம் நிற்கவில்லை. அதற்கு இந்தப் பக்கம், மிக மெதுவாக, சாரின் குரல் கேட்டது.

"இது நான் இல்லம்மா."

ஓடைக்கு அந்தப் பக்கம் கெழவி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தாளாம். கடை நிறைய ஆளை வைத்துக்கொண்டு நான் அழுதேன். கேட்டவர்களிடம், "எங்க கெழவி பொழச்சிக்கிச்சு" என்றேன். உப்பளத்துக்குப் போன் போட்டபோது தனம் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நான் நம்புகிறேன்.

சாயங்காலம் சார் மறுபடி பேசினார். அடிவாரத்து ஊரில் ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம்.

"எப்ப சார் திரும்பி வர்றீங்க?"

"அவளுக்கு ரொம்ப வயசாயிடுச்சும்மா. இருக்குற வரைக்கும் இங்கயே பக்கத்துல இருந்துடுறேன். அப்புறம் அங்கதான், வேற எங்க போவேன்?"

"காலு?"

"வலிக்குதும்மா. ஆனா இங்க காலு மட்டுந்தான் வலிக்குது."

அவருடைய துணிமணி, சல்லடை, வெள்ளைத் தட்டு எல்லாவற்றையும் நானே பெட்டி கட்டி அனுப்பினேன். மாடி அறையை யாருக்கும் விடவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டால் ஒழுகுகிறது என்கிறேன். கடைக்கு இப்போது துணியும் செல்போன் கவரும்தான் வருகின்றன, ஒன்றிலும் ஒரு வாசம் கிடையாது. வெயில் என்னவோ அதே வெயில்தான். மேட்டைத் தாண்டும்போது மட்டும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. அங்கே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கண் தேடுகிறது. இவ்வளவு வருஷம் கூரியர் கடை நடத்தி, எத்தனையோ பேருக்கு எதை எதையோ கொண்டுசேர்த்திருக்கிறேன். எனக்கு வேண்டிய ஓர் ஆளை வரவழைக்க ஒரு வழியும் இல்லை.

கெழவி போய்ச் சேர்ந்தால் சார் வந்துவிடுவார். இது எனக்கும் தெரியும், தனத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லிக்கொண்டதில்லை.

போன வாரம் இரண்டு பேருமாக இரும்பை ஊரிலிருக்கிற சிவன் கோயிலுக்குப் போயிருந்தோம். தீபாராதனை முடிகிற வரைக்கும் என்ன வேண்டுவது என்று தெரியாமல் கை கூப்பியபடி நின்றேன். பக்கத்தில் தனத்தின் உதடும் அசையாமல்தான் இருந்தது. சாரைக் கண்ணால் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது, அவர் திரும்பி வரட்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. தட்டு எங்களிடம் வந்தபோது அர்ச்சகர், "யார் பேருக்கும்மா?" என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள். "மலையில எங்க வயசானவங்க ஒருத்தங்க இருக்காங்க சாமி. அவங்க ஆயுசுக்கு."